ரேடியேற்றரைக் கழற்றும் முன்: பழைய கார்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மொரிஸ் மைனர், ஒஸ்ரின் என்று பழைய பிரித்தானியக் கார்களைப் பழுது பார்த்தே நரைத்த தலை என்னுடையது. வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள என் கொட்டிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருகிறார்கள்: "வண்டி கொதிக்கிறது, ரேடியேற்றரை மாற்றவா?" என்ஜினைச் சுற்றிவரும் சூடான தண்ணீரை ஆற்றும் பாகம்தான் ரேடியேற்றர். இந்த முறை வந்த கேள்விகளைச் சேர்த்துவைத்துப் பதில் சொல்கிறேன்.

ஆரையம்பதியிலிருந்து: மைனர் 1000 வைத்திருக்கிறேன். கல்முனைக்குப் போய் வருவதற்குள் இரண்டு தடவை கொதிக்கிறது. புது ரேடியேற்றர் போட்டால் சரிவருமா, அண்ணன்?

சரிவரலாம், வராமலும் போகலாம் தம்பி. என் சொந்த மைனர் கொதித்தபோது நானும் யோசிக்காமல் ரேடியேற்றரைக் கழற்றிப் புதுக் கோர் (தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்களின் அடுக்கு) போட்டுப் பூட்டினேன். ஏறாவூர் தாண்டவில்லை, மறுபடியும் ஆவி. அதற்குப் பிறகுதான் என்ஜினின் இரும்பு உடலான புளொக்கின் பின்பக்கத்தில் இருக்கும் தண்ணீர் திறப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியால் குத்தக் குத்தத் துருச்சேறு குழம்பாகக் கொட்டியது. காசைக் கொட்டியது ரேடியேற்றருக்கு, நோய் இருந்தது புளொக்கில்.

ஆகவே முதலில் கையால் பாருங்கள். வண்டி நன்றாகச் சூடானதும் என்ஜினை நிறுத்திவிட்டு, காற்றாடி நின்ற பிறகு, கோரின் முகத்தைத் தடவுங்கள். மேலிருந்து கீழே சூடு மெல்லக் குறைந்துகொண்டு போனால் நல்லது. நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. அடுத்த நாள் காலையில், என்ஜின் ஆறிக்கிடக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால், அல்லது ஒயில் பால் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால், குற்றவாளி, புளொக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் ஹெட் கஸ்கட். காற்றாடிப் பட்டியைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம்தான் அமிழ வேண்டும். தீப்பொறி நேரம் பிந்தியிருந்தாலும் என்ஜின் கொதிக்கும். பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

காத்தான்குடியிலிருந்து: கோர் அடைத்திருப்பது உறுதியாகிவிட்டது. அலுமினிய ரேடியேற்றர் ஒன்று வாங்கவா, பழையதையே திருத்தவா?

மேல் தாங்கியும் கீழ்த் தாங்கியும் நல்ல பித்தளையாக இருந்தால் அதைத் தூக்கி எறிவது பாவம். ஈயம் பற்றவைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, தாங்கிகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்றுங்கள். செம்பும் பித்தளையும் திரும்பத் திரும்பத் திருத்தக்கூடியவை. அலுமினியம் பாரம் குறைவு, சூட்டையும் நன்றாகக் கடத்தும், ஆனால் வெடித்தால் நம் ஊர் ஈயக்கோலுக்கு அடங்காது. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் அதற்கு ஆகாது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு என் வாக்கு செம்புக்கே.

செங்கலடியிலிருந்து: நானே கழற்றப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கோருக்கும் காற்றாடிக்கும் இடையில் ஒரு தடித்த அட்டையைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். புதுக் கோர் ஓட்டையாவது பெரும்பாலும் பூட்டும்போது காற்றாடி இதழ் பட்டுத்தான். ஒட்டிப்போன ரப்பர்க் குழாயை முறுக்கி இழுத்தால் பித்தளைக் கழுத்து உடைந்து வந்துவிடும். குழாயை நீளவாக்கில் அறுத்து எறியுங்கள், எப்படியும் புதிதுதான் போடப்போகிறீர்கள்.

மைனர் 1000 என்ஜினில், தண்ணீர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு விரல் நீளத்தில் குட்டிக் குழாய் ஒன்று ஒளிந்திருக்கும். ரேடியேற்றர் வெளியே இருக்கும்போதே அதையும் மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால், எல்லாம் பூட்டி முடித்த அடுத்த வாரம் அது ஒழுகும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: 1949 மைனர் ஒன்று வாங்கினேன் ஐயா. அதில் தண்ணீர் பம்பே இல்லை. முந்திய சொந்தக்காரர் கழற்றி விற்றுவிட்டாரா?

பாவம், அவரைத் திட்டாதீர்கள். 918 சிசி என்ஜினுடன் வந்த முதல் மைனர்களுக்குப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலெழுந்து ரேடியேற்றருக்குப் போகும், அங்கே ஆறியது கீழிறங்கி என்ஜினுக்குத் திரும்பும். மேல் குழாயின் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் அந்தச் சுற்றே அறுந்துபோகும். ஆகவே தினமும் மட்டம் பாருங்கள். பம்போடு வந்த பிந்திய மைனரின் ரேடியேற்றர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்க வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து: என்ன தண்ணீர் ஊற்றுவது? வீட்டுக் கிணற்று நீர் போதாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்பும் சுண்ணாம்பும் கலந்திருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அதுவேதான் கோரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. கேத்தலைச் சுரண்டலாம், கோரை யார் சுரண்டுவது? தெளிந்த மழைநீர், இல்லாவிட்டால் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். கடையில் அசிட் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

மைனருக்கு ஏறக்குறைய ஐந்து லீற்றர் பிடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட். நமக்கு உறைபனி இல்லையே என்பார்கள். துருவைத் தடுப்பதற்குத்தான் அது. எத்திலின் கிளைக்கோல் கலந்த பழைய வகையைக் கேளுங்கள். புதிய வண்டிகளுக்கான, கரிம அமிலம் சேர்ந்த வகை பழைய ஈயப்பற்றுக்கு நல்லதல்ல. நிறத்தை நம்பாதீர்கள், போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

கல்முனையிலிருந்து: என் பீட்டிலுக்கு ரேடியேற்றர் மாற்ற என்ன செலவாகும்?

ஒரு சதமும் ஆகாது. பழைய பீட்டிலுக்கு ரேடியேற்றரே கிடையாது, அது காற்றில் குளிரும் என்ஜின். உங்களிடம் யாராவது அதற்குக் காசு கேட்டிருந்தால் அந்தக் கராஜுக்கு இனிப் போகாதீர்கள்.

வாழைச்சேனையிலிருந்து: புது ரேடியேற்றரோடு மின்சாரக் காற்றாடியும், 15 இறாத்தல் மூடியும் போடலாம் என்கிறார்கள்.

மூடியை மாற்றாதீர்கள். பழைய மூடியில் பொறித்திருக்கும் எண்ணே உங்கள் எண். 7 இறாத்தல் அழுத்தத்தில் தண்ணீர் 111 பாகை வரை கொதிக்காது, அதுவே போதும். 15 போட்டால் புதுக் கோர் தாங்கும், எழுபது வயதுக் குழாயும் ஹீட்டரும் தாங்காது.

மின்சாரக் காற்றாடிக்கு முன் வண்டிக்கு மின்சாரம் தரும் டைனமோவை நினையுங்கள். லூகாஸ் சி40 முழு மூச்சில் தருவதே 22 அம்பியர். இரவில் லைற்றும் காற்றாடியும் சேர்ந்தால் பற்றரி இளைக்கும். இன்னொன்று: இந்தப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். வயரை வழக்கம்போல் கொடுத்தால் காற்றாடி தலைகீழாகச் சுற்றும்.

மஞ்சள் தூள், முட்டை வெள்ளைக்கரு போட்டால் ஒழுக்கு நிற்குமா?

வீடு வந்து சேரும் வரை நிற்கலாம். அடுத்த மாதம் கோரும் நின்றுவிடும்.

அம்பாறையிலிருந்து: என் மைனர் 1000க்குக் கோர் மாற்றிவிட்டேன். மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போக வேண்டும். தண்ணீர் சூடானதும் திறந்து வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார் மெக்கானிக்.

கழற்ற வேண்டாம். இந்த என்ஜினில் அதை எடுத்துவிட்டால் தண்ணீர் சுலபமான வழியில் ஓடிவிடும், பின் சிலிண்டருக்குப் போதியது கிடைக்காது. சூடான நாடுகளுக்கென்றே 74 பாகையில் திறக்கும் வகை இருக்கிறது, அதைப் போடுங்கள்.

மகியங்கனைப் பாதையில் மலை ஏறும் பதினெட்டு வளைவுகளுக்கு வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். கியரைக் குறைத்து ஏறினால் காற்றாடியும் பம்பும் வேகமாகச் சுற்றும். ஊசி சிவப்பை நெருங்கினால் ஓரமாக நிறுத்தி போனட்டைத் திறந்துவையுங்கள், மூடியைத் தொடாதீர்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். அதன் பிறகு சாக்கை மூடியில் போட்டு, முதல் பூட்டு வரை மட்டும் திருப்பி ஆவியை விடுங்கள். தண்ணீரை என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீரைக் கொட்டி ஹெட்டை வெடிக்க வைத்தவர்கள் இரண்டு பேர் போன மாதம்தான் என்னிடம் வந்தார்கள்.