பிக்கப் வண்டியை உயர்த்துவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்டியை உயர்த்தப் பொருத்தும் பாகங்களின் தொகுப்பான லிஃப்ட் கிட் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

வில்லியனூர் வாசகர்: இசுசு வி-கிராஸ், நான்கு சக்கர இழுவை. 2 அங்குலம் உயர்த்தலாமா, 4 அங்குலமா?

2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பக்கம் உயர உயர, சக்கரத்துக்குச் செல்லும் ஷாஃப்ட் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே சுழல வேண்டியிருக்கும். அதனால் அந்த ஷாஃப்டின் முனையில் வளைந்து சுழலும் இணைப்பான சி.வி. ஜாயிண்டின் ரப்பர் உறை கிழியும், கிரீஸ் வெளியேறும், பிறகு ஜாயிண்டே போய்விடும். சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் ஆர்மின் முனையிலுள்ள குண்டு இணைப்பான பால் ஜாயிண்டும் தன் எல்லையை முட்டும். 2 அங்குலத்தைத் தாண்டினால் மேல் ஆர்ம்களையும் மாற்ற வேண்டும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் இறக்கிப் பொருத்த வேண்டும். செலவு இரண்டு மடங்காகும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் தகடான ஸ்பேசரின் தடிமனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் சக்கரத்தில் கிடைக்கும். ஆகவே 2 அங்குல உயரத்துக்கு 1 அங்குல ஸ்பேசர் போதும். தடிமனையே உயரம் என்று எண்ணி 2 அங்குல ஸ்பேசரை மாட்டிவிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பினால் டக் டக்கென்று சத்தம் வருகிறது என்று எழுதுபவர்கள் மாதந்தோறும் இருக்கிறார்கள்.

பண்ருட்டி வாசகர்: என் வண்டியை உயர்த்த எவ்வளவு செலவாகும்?

எந்த வண்டி, எந்த ஆண்டு, முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கா, முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரா, அடுக்குத் தகடு ஸ்பிரிங்கான கமான் பட்டையா என்று எதையும் எழுதாமல் விலை கேட்டால் எதைச் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

அரியாங்குப்பம் வாசகர்: பாடி லிஃப்ட், சஸ்பென்ஷன் லிஃப்ட் இரண்டில் எது நல்லது?

பாடி லிஃப்ட் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் மேல் பாடியை மட்டும் உயர்த்தும்; சஸ்பென்ஷன் லிஃப்ட் சேஸிஸையும் சேர்த்து உயர்த்தும். பெரிய டயர் உரசாமல் நுழைய இடம் மட்டும் வேண்டுமென்றால் பாடி லிஃப்ட் போதும். சேஸிஸ் இருந்த உயரத்திலேயே இருக்கும் என்பதால் அடிப்பகுதி தரையில் தட்டுவது அதனால் குறையாது. மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டுபவர் சஸ்பென்ஷனைத்தான் உயர்த்த வேண்டும். எதைச் செய்தாலும் ஸ்டியரிங் ஷாஃப்ட், கியர் லீவர், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ் ஆகியவை இழுபடுகின்றனவா என்று பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசகர்: 2024 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி நின்றுபோனது. 3 அங்குலம் உயர்த்தினால் அடுத்த முறை தப்பிக்குமா?

தென்பெண்ணை பெருக்கெடுத்த அந்த நாட்களில் கடலூரில் எத்தனை வண்டிகள் இழுத்துச் செல்லப்பட்டன என்பதை நானும் பார்த்தேன்; உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் சஸ்பென்ஷனை உயர்த்தும்போது பாடியும் சேஸிஸும்தான் மேலே போகின்றன. பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலின் கூடான ஹவுசிங்கும் சக்கர பேரிங்குகளும் இருந்த உயரத்திலேயே தண்ணீருக்குள் இருக்கும். ஆக்சிலை உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதுவும் டயரின் விட்டம் கூடியதில் பாதி அளவே. இன்ஜினைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் காற்று உறிஞ்சும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஹவுசிங்கில் காற்று போய்வரும் மூச்சுக்குழாயை, தண்ணீர் உள்ளே போகாதபடி நீளமான ஹோஸ் போட்டு மேலே கொண்டுவருவது சில நூறு ரூபாயில் முடியும் வேலை. 3 அங்குல லிஃப்டை விட அது உங்களுக்கு அதிகம் பயன்படும். தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியின் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். எவ்வளவு உயரமான வண்டியானாலும் ஓடும் தண்ணீரில் இறக்காதீர்கள்.

குறிஞ்சிப்பாடி வாசகர்: பின்பக்கம் 4 அங்குலம் உயர்த்த, லேத் பட்டறையில் 2 அங்குல இரும்புக் கட்டைகள் நான்கு செய்து தருகிறேன் என்கிறார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, கமான் பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் பழைய யூ போல்ட்டையே போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. இந்தக் கேள்வி எனக்கு ஆண்டு முழுவதும் வருகிறது. எத்தனை முறை எழுதினாலும் மறுபடி வருகிறது. ஆகவே இம்முறை விரிவாகவே எழுதுகிறேன்.

கமான் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையில் கட்டை வைப்பது தவறில்லை. பின்பக்கத்தில் அது நெடுங்காலமாக நடக்கும் வேலைதான். ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரே கட்டைதான் இருக்க வேண்டும். அதன் அடியில் இருக்கும் முளை ஆக்சில் மேடையின் குழியிலும், மேலே இருக்கும் குழி, பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலையிலும் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். இரண்டு கட்டைகளை அடுக்கும்போது வழுக்குவதற்கு இன்னொரு முகத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். பிரேக் போடும்போதும் முதல் கியரில் இழுக்கும்போதும் ஆக்சில் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் பார்க்கும். கட்டை எவ்வளவு உயரமோ அந்த அளவுக்கு அந்தத் திருகலின் நெம்புகோலும் நீளும். முன் ஆக்சிலில் கட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை.

யூ போல்ட்டுக்கு வருகிறேன். ஒருமுறை முழு இறுக்கத்தில் முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மரையும் சற்று உருமாறியிருக்கும். அதைக் கழற்றி மறுபடி போட்டால் ஸ்பேனருக்கு இறுகியதுபோல் தெரியும், பிடிப்பு இருக்காது. நம் கடலோரத்தில் உப்புக்காற்று வேறு மரையின் பள்ளத்துக்குள்ளேயே அரிக்கிறது. சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் என் சொந்த வண்டியிலேயே இதை அனுபவித்தேன். ஒரு பட்டறையில் கட்டை வைத்தார்கள். யூ போல்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று பழையதையே மாட்டினார்கள், நானும் சம்மதித்தேன். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றி வரும் வழியில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கியது. இறங்கிக் குனிந்து பார்த்தபோது இடப்பக்கக் கட்டை அரை அங்குலம் பின்னால் நகர்ந்திருந்தது. அது உரசிய இடத்தில் பெயிண்ட் போய், இரும்பு வெள்ளியைப் போலப் பளபளத்தது. ஸ்பேனரே தேவைப்படவில்லை, நட்டு விரலுக்கே சுழன்றது. சென்டர் போல்ட் பாதி அறுந்திருந்தது. இன்னும் சில கிலோமீட்டர் போயிருந்தால் ஆக்சில் கழன்றிருக்கும். எதிரே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோக்கள் வந்துகொண்டிருந்தன.

ஆகவே, கட்டையின் உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் புது யூ போல்ட்டும் புது நட்டும் வாங்குங்கள். நான்கு நட்டுகளையும் குறுக்குக்குறுக்காக, சிறிது சிறிதாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரத்தில் நின்று எடை இறங்கிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். உங்களுக்கு 4 அங்குலம் உண்மையிலேயே தேவையென்றால் அந்த உயரத்துக்கென்றே வளைத்த புதுப் பட்டைத் தொகுப்பைப் போடுங்கள்.

பாகூர் வாசகர்: கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து உயர்த்தியிருக்கிறேன். இனி அரை டன் அதிகம் ஏற்றலாமா?

முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையே எல்லை. சேஸிஸ், ஆக்சில், பிரேக் எதுவும் மாறவில்லை. உயரம் கூடியதால் வளைவில் வண்டி முன்பைவிட எளிதாகச் சாயும்.

நெல்லிக்குப்பம் வாசகர்: உயர்த்திய பின் 60 கி.மீ. வேகத்தில் அதிர்கிறது. பின் பிரேக்கும் மந்தமாகிவிட்டது.

இரண்டும் உயர்த்தியதன் விளைவுதான். கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறிவிட்டதால் அதன் முனைகளிலுள்ள கிராஸ் ஜாயிண்டுகள் அதிர்கின்றன. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்துப் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் பல்சக்கரமான பினியனின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு துண்டு ஷாஃப்டாக இருந்தால் நடு பேரிங்கைச் சற்று இறக்க வேண்டியிருக்கும். பிரேக்கைப் பொறுத்தவரை, பல பிக்கப்களில் சுமையைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று ஆக்சிலோடு கம்பியால் இணைந்திருக்கும். பின்பக்கம் உயர்ந்ததும் வண்டி காலியாக இருக்கிறது என்று எண்ணி அது அழுத்தத்தைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியைப் புது உயரத்துக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை சுமை ஏற்றாதீர்கள். தகடு வைப்பதற்கும் யூ போல்ட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்பதால் புதிது வாங்குங்கள்.

லாஸ்பேட்டை வாசகர்: பி.ஒய். (புதுச்சேரி) பதிவு வண்டி. உயர்த்தினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல் வருமா?

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளரின் வரையறையிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதையே காரணம் காட்டும். கிட் வாங்கும் முன் இரு இடங்களிலும் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்று பட்டறையில் சொல்வது விபத்துக்குப் பின் உங்களைக் காப்பாற்றாது.

கோரிமேடு வாசகர்: 245/70 ஆர்16 டயருக்குப் பதில் 265/75 ஆர்16 போட்டால்?

விட்டம் 75 செ.மீ.யிலிருந்து 80 ஆகும். ஸ்பீடோமீட்டர் 80 கி.மீ. வேகம் காட்டும்போது நீங்கள் 86இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: உயர்த்திய பின் வீல் அலைன்மெண்ட் அவசியமா?

அவசியம். அன்றே செய்யுங்கள். அப்படியே ஹெட்லைட்டையும் கீழே இறக்கிச் சரிசெய்யுங்கள்.