கையெழுத்துப் போடுமுன் வகுப்பில் நின்று பார்க்கட்டும்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் மகள் வங்கிப் பக்கம் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்கிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வீர்கள் போலிருக்கிறது. "மூன்று வருஷம் கட்டிப்போட்டுவிடுவார்களாமே" என்று யாரோ சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. சரி, அதையே முதலில் பேசிவிடுவோம்.

இங்கே கல்வி அமைச்சுதான் நேர்காணல் வைத்து ஆசிரியர்களை எடுக்கிறது. பயிற்சி கொடுப்பது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசியக் கல்விக் கழகம். உங்கள் மகளைப் போல கல்வியியல் அல்லாத பாடத்தில் பட்டம் பெறுபவர்கள் அங்கே பட்ட மேற்படிப்புக் கல்வி டிப்ளோமா படிப்பார்கள். கட்டணத்தை அமைச்சே ஏற்கும், படிக்கும்போதே சம்பளமும் வரும். அதற்கு ஈடாகத்தான் பயிற்சிக்குப் பின் 3 ஆண்டுப் பணி ஒப்பந்தம். நடுவில் விலகினால் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால் அந்த 3 ஆண்டுக்கு அஞ்ச வேண்டாம். வகுப்பு கைக்குள் வரவே அவ்வளவு காலம் பிடிக்கும். ஒரு நாள்கூட வகுப்பில் நிற்காமல் கையெழுத்துப் போடுவதுதான் எனக்குக் கவலை.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கிறாளே" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் அது வேறு வேலை. டியூஷனில் ஒரு பிள்ளை, உங்கள் வீட்டு மேசை, நீங்கள் கொண்டுவந்து வைக்கும் மைலோ. பள்ளியில் நாற்பது பேர் வரை இருப்பார்கள். பின்னங்கள் புரியாமல் ஒருவன் விழிப்பான், புரிந்துபோய் இன்னொருத்தி சலிப்போடு ஜன்னலைப் பார்ப்பாள், மூன்றாமவன் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான். மணி அடித்ததும் வேலை முடியாது. விளையாட்டு, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கை, திருத்த வேண்டிய நோட்டுகள், பெற்றோருக்குப் போன் என்று அது பாட்டுக்கு நீளும். பாடம் நடத்துவது பிடித்து வந்து, இந்த மிச்ச வேலையில் மனம் ஒடிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு அமைச்சே பள்ளிகளில் இன்டர்ன்ஷிப் தருகிறது. மகள் அதற்கு விண்ணப்பிக்கட்டும். கிடைக்காவிட்டால், வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் ரிலீஃப் டீச்சராகப் போகலாம், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளில் உதவலாம். தேதியை மட்டும் கவனியுங்கள்: அவளுக்கு விடுமுறை மே மாதம் தொடங்கினாலும் ஜூனில் பள்ளிகளுக்கும் விடுமுறை. ஜூன் இறுதியில் பள்ளி திறந்ததிலிருந்து ஜூலை முடியும்வரைதான் அவளுக்குத் தோதான காலம்.

தொடக்கப்பள்ளியா உயர்நிலையா என்பதையும் அங்கேதான் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கப்பள்ளியில் கணிதத்தோடு ஆங்கிலமும் அறிவியலும் சேர்ந்து வரலாம். கணிதம் மட்டும்தான் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு அது ஒத்துவராது.

"தமிழாசிரியர் ஆகக் கூடாதா?" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளையை "நான் நேத்து கடைக்குப் போனேன்" என்று கூச்சமில்லாமல் சொல்லவைப்பது தனித்திறமை. கவிதை ஒப்பிக்கத் தெரிவது மட்டும் போதாது. தமிழ் தகுதியும் தனியாகப் பார்ப்பார்கள். அது அவள் ஆசையா, உங்கள் ஆசையா?

கடைசிவரை டீச்சராகவே இருக்க வேண்டுமா என்று உங்கள் கணவர் கேட்கிறாராம். வகுப்பறையிலேயே தேர்ந்து மேலே போகவும், பள்ளித் தலைமைக்குப் போகவும், பாடத்திட்டம் போன்ற துறைகளில் நிபுணராகவும் மூன்று பாதைகள் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

ஜூலையில் அவள் வீட்டுக்கு வந்ததும் வேலை எப்படி என்று கேட்காதீர்கள். இன்று எந்தப் பிள்ளை என்ன செய்தான் என்று கேளுங்கள். பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கினால், எனக்கு மறுபடி எழுதுங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்தே பார்ப்போம்.