ஆடிட்டில் தேறிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி: "தையல் வேலையில் ஒரு பகுதியை வெளியே உள்ள பவர்டேபிள் யூனிட்டுகளுக்கு (சிறு தையற்கூடங்களுக்கு) ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் வேலையாகக் கொடுக்கிறோம். எங்கள் தொழிற்சாலை பையர் (சரக்கு வாங்கும் நிறுவனம்) அனுப்பிய ஆடிட்டில் தேறியிருக்கிறது. அந்த யூனிட்டுகளில் தீ விபத்தோ கட்டட விபத்தோ நேர்ந்தால் இந்தச் சான்றிதழ் எங்களைக் காக்குமா?"

காக்காது. ஆய்வாளர் வந்த நாளில் அவருக்குக் காட்டப்பட்ட இடம் எப்படி இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலை, தொழிலாளர் நிலைமைகளுக்கான எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்றிதழைப் பெற்ற சில வாரங்களில், 2012 செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. அங்கிருந்து பெருமளவில் சரக்கு வாங்கிய ஜெர்மானிய நிறுவனமான கிக் மீது டோர்ட்முண்ட் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு, காலவரம்பு கடந்துவிட்டதாக 2019-இல் தள்ளுபடியானது. ஆனால், அதற்கு முன்பே 50 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர அந்நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது டாக்காவை அடுத்த சாவரில் இருந்த ரானா பிளாசா. பல ஆடை ஆலைகள் இயங்கிய, அனுமதியின்றி மேல்தளங்கள் எழுப்பப்பட்ட அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல்கள் தென்பட்டதும் எல்லோரும் வெளியேற்றப்பட்டனர். கீழ்த்தளத்தில் இயங்கிய வங்கிக் கிளை தன் ஊழியர்களை மறுநாள் வர வேண்டாம் என்றது. தையல் தொழிலாளர்களோ, வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டு உள்ளே அனுப்பப்பட்டனர். அந்த மறுநாள் காலையில் மின்சாரம் நின்று மேல்தளங்களின் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் கட்டடம் சரிந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்த சில ஆலைகளும் தொழிலாளர் நிலைமைகளைப் பார்க்கும் சமூகத் தணிக்கைகளைக் கடந்தவைதாம். தூண்களின் வலுவைச் சோதிப்பது அந்தத் தணிக்கைகளின் வேலையாக இருக்கவில்லை. ஒரே விரிசலைப் பார்த்து வங்கியால் ஒரு நாள் வேலையை இழக்க முடிந்தது, ஏற்றுமதிக் கெடுவில் சிக்கியிருந்த ஆலைகளால் முடியவில்லை என்பதே, என் பார்வையில், பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுகிறது: கெடுவையும் கூலியையும் முடிவுசெய்பவரிடம்.

இந்தியச் சட்டத்தில், உங்கள் வளாகத்துக்குள் ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்பவர் காயமுற்றால் இழப்பீட்டுக்கு, வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளியான நீங்களும் பொறுப்பாவீர்கள் என்பது 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே வரும் கொள்கை. உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத வெளியிடத்தில் நடக்கும் விபத்துக்கு இது பொதுவாகப் பொருந்தாது. இந்த இடைவெளியை நம்பித்தான் பலர் வேலையை வெளியே தள்ளுகிறார்கள். பையர் உங்களிடம் கேள்வி கேட்கும்போது இந்த வேறுபாடு எடுபடுமென்று நான் எண்ணவில்லை.

ஆகவே ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் பட்டியலைப் பையரிடம் மறைக்காமல் கொடுங்கள். கட்டடத்தின் அனுமதி எத்தனை மாடிக்கு, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, வேலை நேரத்தில் மாடிக் கதவு பூட்டப்படுகிறதா என்பவற்றை நேரில் பாருங்கள். கட்டடத்தின் உறுதியைச் சொல்ல ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். பாதுகாப்புக் காரணமாக வேலை நின்றால் தாமதத்துக்குப் பிடித்தம் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குறை கண்டதும் யூனிட்டைக் கைவிடுவது எளிது, ஆனால் அங்குள்ளவர்கள் அதைவிட மோசமான இடத்துக்கே போக நேரலாம். ரானா பிளாசாவுக்குப் பின் பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்திய, ஆலைப் பாதுகாப்புக்கான வங்கதேச அக்கார்டு உடன்பாட்டில், சீரமைப்புக்காக ஆலை மூடப்படும்போது ஆறு மாதம் வரை ஊதியம் தொடர வேண்டும் என்ற விதி இருந்தது. உங்கள் அளவில், வருங்கால பில்களில் கழித்துக்கொள்ளும் முன்பணமாகச் சீரமைப்புச் செலவைக் கொடுத்து, வேலை முடியும்வரை தொழிலாளர்களின் கூலியில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளலாம்.