ட்ரைசெராடாப்ஸ் ஃபாசில்: கேள்வி பதில்

அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் விளையாட்டின் மூன்று கொம்பு டைனோசரான ட்ரைசெராடாப்ஸின் ஃபாசில் (புதைபடிவம்) பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: மொத்தம் எத்தனை துண்டு? விற்றால் என்ன கிடைக்கும்?

மூன்று. தலை (ட்ரைசெரா ஸ்கல்) 5,500 பெல்ஸ் (விளையாட்டின் பணம்), உடல் (டோர்சோ) 5,000, வால் (டெயில்) 4,500. ஆக 15,000. இது நூக்ஸ் கிரானி கடை திறந்திருக்கும்போது, அதாவது காலை 8 முதல் இரவு 10 வரை, உள்ளே போய் விற்றால். கடை வாசல் பெட்டியில் போட்டால் 80 சதவீதம்தான், தலைக்கு 4,400. அருங்காட்சியகத்தில் காட்டி ஆய்வு செய்யாத ஃபாசிலை விற்றால் வெறும் 100 பெல்ஸ். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி: தினமும் தோண்டுகிறேன், தலை மட்டும் வரவே இல்லை. எங்கே தப்பு?

தப்பு எதுவும் இல்லை. தீவில் ஒரு நாளைக்குப் புதிதாகப் புதைவது 4 ஃபாசில். விளையாட்டில் மொத்தத் துண்டுகளோ 73. அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருப்பதும் திரும்பத் திரும்ப வரும். அதனால் கடைசிச் சில துண்டுகளுக்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். நாள் மாறுவது காலை 5 மணிக்கு. நள்ளிரவில் தேடிப் பயனில்லை. தரையில் நட்சத்திர வடிவ வெடிப்பு தெரிகிறதா என்று மரங்களுக்கும் வீடுகளுக்கும் பின்புறமும் பாருங்கள். நான்காவது ஃபாசில் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வேகமான வழி பண்டமாற்று. கூடுதல் துண்டை நண்பர் தீவில் தரையில் வைத்தால் அவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆன்லைனில் வருபவர் உங்கள் தீவில் மண்வெட்டியால் தோண்ட, அவர் உங்கள் 'பெஸ்ட் ஃப்ரெண்ட்' பட்டியலில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஸ்விட்ச் (விளையாட்டுக் கருவி) கடிகாரத்தை மாற்றினால்?

ஒரு நாள் முன்னே நகர்த்தினால் புதிய 4 வரும். விற்பதற்காக வாங்கிய டர்னிப் கிழங்கு வைத்திருந்தால் பின்னோக்கி மட்டும் நகர்த்தாதீர்கள், எல்லாம் அழுகிவிடும்.

கேள்வி: ஸ்டைராகோவும் (ஸ்டைராகோசாரஸ் டைனோசர்) கொம்புள்ளதுதானே? குழம்புகிறது.

மண்டையோட்டைப் பாருங்கள். ட்ரைசெராடாப்ஸுக்குக் கண்களுக்கு மேல் இரண்டு நீண்ட கொம்பு, மூக்கில் ஒரு சிறு கொம்பு. ஸ்டைராகோசாரஸுக்கு மூக்குக் கொம்புதான் பெரிது. கழுத்துக் கவசத்தின் விளிம்பில் நீண்ட முட்கள் நிற்கும். விலையும் குறைவு: ஸ்டைராகோ தலை 3,500. இந்தக் கொம்புகள் அறிஞரையே ஏமாற்றியவை: 1887-இல் அமெரிக்கப் புதைபடிவ அறிஞர் ஓ. சி. மார்ஷ், டென்வர் அருகே கிடைத்த ட்ரைசெராடாப்ஸ் கொம்புகளைக் காட்டெருமையுடையவை என்று நினைத்தார். 1889-இல் அவரே ட்ரைசெராடாப்ஸ் என்று பெயரிட்டார். 'மூன்று கொம்பு முகம்' என்று பொருள்.

கேள்வி: அருங்காட்சியகத்துக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமா? விளையாட்டின் பொருள் பட்டியலில் (கேட்டலாக்) ஆர்டர் செய்ய முடியுமா?

இரண்டும் முடியாது. முதல் துண்டை அருங்காட்சியகக் காப்பாளர் பிளாதர்ஸிடம் கொடுங்கள், இரண்டாவதை வீட்டுக் கிடங்கில் வையுங்கள். தீவில் முழு எலும்புக்கூட்டை நிறுத்த ஆசையென்றால் மூன்றும் இரண்டு முறை கிடைக்கும் வரை விற்காமல் இருப்பது நல்லது; அவசரத்தில் விற்ற வால்தான் பிறகு மாதக்கணக்கில் தேட வைக்கும்.

கேள்வி: இப்போதுதான் தொடங்கினேன், பிளாதர்ஸ் எங்கே?

தீவை நிர்வகிக்கும் டாம் நூக்கிடம் 5 உயிரினங்களை (மீன் அல்லது பூச்சி) கொடுங்கள். அவர் அழைத்த பிறகு பிளாதர்ஸ் கூடாரத்துக்கு வருவார், அப்போதே மண்வெட்டி செய்முறையும் தருவார். அதைச் செய்ய 5 ஹார்ட்வுட் (கடின மரக்கட்டை) போதும்.