தோணிக்கு எமன் எது?

கேள்வி: தூத்துக்குடித் தோணிகளைப் பற்றி எல்லாரும் உருகி உருகி எழுதுகிறார்கள். வரைபடம்கூட இல்லாமல் அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து கட்டுகிற பாய்மரக் கப்பலைப் பத்து வருஷத்தில் உப்புத் தண்ணீர் அரித்துவிடாதா? இது பழசின் மேல் உள்ள மோகம்தானே?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: உப்புத் தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்குப் பிடித்தது நல்ல தண்ணீர். மேல்தளத்துப் பலகை இடுக்கில் இறங்கித் தேங்குகிற மழைத் தண்ணீர்தான் தோணிக்கு எமன். எப்போதும் கடலில் முங்கிக் கிடக்கும் அடிப்பலகை கெட்டியாகவே இருக்கும். காற்றுப் புகாத அணியத்து (முன்பக்க) மூலையில், தளத்துக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், மரம் புட்டு மாதிரி உதிரும். தேங்காய்நார்க் கயிறும் அப்படித்தான்: கடல் தண்ணீரைத் தாங்கும், மழையில் நனைந்து சுருண்டு கிடந்தால் இற்றுவிடும். பாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கரும்புள்ளி விழுந்து, அடுத்த காற்றுக்குக் கிழியும்.

குடும்பம் கட்டிய கப்பல் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். பம்பாயில் 1736-லிருந்து தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டியது வாடியா குடும்பம். அவர்கள் மலபார்த் தேக்கில் கட்டி 1817-ல் கடலில் இறக்கிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. நம் பக்கத்தில், இலங்கையின் வல்வெட்டித்துறையில் 1930-ல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்தே போய்ச் சேர்ந்தது.

வரைபடம் இல்லை என்றால் கணக்கு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஏரா என்கிற அடிமரத்தின் நீளத்தை முடிவு செய்தால் அகலமும் உயரமும் பாய்மரமும் அதிலிருந்தே பிரியும். வங்குகளுக்கு, அதாவது விலா மரங்களுக்கு, வளைந்தே வளர்ந்த வேம்பு, வாகை, கருவேலக் கிளைகளைத் தேடி எடுக்கிறார்கள். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் பெரிய அலையில் அங்கேயே விண்டு போகும். மரத்தை நிற்கும்போதே பார்த்து இது எந்த வங்குக்கு ஆகும் என்று சொல்கிற கண், அப்பனோடு கூடவே நடந்த பிள்ளைக்குத்தான் வாய்க்கிறது.

உங்கள் கேள்வியில் எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத சொல் ‘கட்டுகிற’ என்பது. ஏதோ ஒருநாள் கட்டி முடிந்துவிடுவது போலக் கேட்கிறீர்கள். மரக்கப்பலின் பாதி வேலை கடலில் இறக்கிய பிறகுதான் தொடங்குகிறது. அதில் முக்கியமானது கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளைத் தண்ணீர் புகாமல் அடைப்பது. இரண்டு பலகை சேரும் இடம் உள்பக்கம் ஒட்டியும் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்தும் இருக்க வேண்டும். அந்த வாயில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை மடித்து மடித்து வைத்து, மழுங்கிய உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும். அடி பதமாக விழுந்ததைக் காதுதான் சொல்லும்: தொளதொளவென்ற சத்தம் போய் ‘டக்’ என்று இறுக வேண்டும். பஞ்சு குறைந்தால் கப்பல் அலையில் முறுக்கும்போது திரி வெளியே துப்பப்படும். அளவுக்கு மீறித் திணித்தால் அதைவிடக் கேடு. பலகை ஊறிப் பெருக்கும்போது இடம் இல்லாமல், வங்கிலிருந்து ஆணியையே பிடுங்கிக்கொண்டு வரும். இறக்கிய முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் ஊறுவது சகஜம்; பலகை உப்பியதும் தானே அடங்கும். அடங்கவில்லை என்றால் திரும்பக் கரையேற்ற வேண்டியதுதான்.

ஆணிக்கும் ஆயுள் உண்டு. ஆணியின் கனத்தைவிடச் சிறிய துளை போட்டு, தலைக்கு அடியில் எண்ணெய்த் திரி சுற்றி அடிப்பார்கள். திரி சுற்றாத இரும்பு ஆணியைச் சுற்றிக் கருப்பு வளையம் விழும். துரு மரத்தையும் தின்று துளையைப் பெரிதாக்கும். புழு என்று நாம் சொல்லும் துளைப்பான் உண்மையில் சிப்பி இனம். குண்டூசித் தலை அளவு ஓட்டையில் நுழைந்து உள்ளேயே வளரும். வெளியே பார்த்தால் பலகை புத்தம் புதிது. அதனால்தான் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் மூடும் மாதங்களில் தோணியைக் கரையேற்றிச் சுரண்டி, காயவைத்து, சுண்ணாம்பும் கொழுப்பும் குழைத்து அடியில் பூசுகிறார்கள். ஆற்று முகத்தில் உப்புக் குறைந்த தண்ணீரில் சில வாரம் கட்டி வைத்தாலும் அந்தத் துளைப்பான் சாகும்.

ஓட்டும்போது வரும் ஆபத்துகளில் சின்னதாகத் தெரிவது ஒன்று. வங்குகளின் அடியில் தண்ணீர் ஓட விட்ட துவாரங்கள் இருக்கும். வெங்காயச் சருகு, சாக்கு நூல், சிந்திய சிமெண்ட், எது அடைத்தாலும் பம்பு காற்றைத்தான் இழுக்கும். இரண்டு வங்கு தள்ளித் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். சரக்கு இறக்கியதும் ஒவ்வொரு துவாரத்தையும் கம்பி விட்டுக் குடைந்தாக வேண்டும். இன்னொன்று, முதுகு வளைவது. அணியமும் பின்பக்கமும் ஒல்லியாக இருப்பதால் அங்கே தண்ணீர் தாங்குவது குறைவு. அங்கேயே மூட்டையும் நங்கூரமும் குவித்தால் முனைகள் தொங்கி நடு ஏரா மேலே எழும்பும். முனைக்கு முனை நூல் பிடித்தால் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கட்டிய குடும்பமே ஓட்டுகிற தோணியில் எந்தப் பலகை பச்சையாக ஏறியது, எங்கே ஆணி குட்டையாக விழுந்தது என்பதெல்லாம் வீட்டில் நாலு பேருக்குத் தெரியும். விலைக்கு வாங்கியவர் அதைக் கண்டுபிடிக்க உள்பலகையைப் பிரித்தாக வேண்டும். இந்த வித்தியாசத்துக்கு மோகம் என்று பெயர் வைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. தோணியின் பாயை இறக்கியது கடல் இல்லை. எஞ்சினும் கண்டெய்னரும் மர விலையும்தான் இறக்கின. எஞ்சின் வைத்த தோணியில் அதிர்வினால் பின்பக்கக் கலப்பத்து சீக்கிரம் தளர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து காசிமேடு எட்டுகிற தூரம்தான். மரப்படகு ஏதாவது கரையேறி நிற்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். பெயிண்டைப் பார்க்காதீர்கள், ஆணித்தலையைச் சுற்றிக் கருப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், உளி விழும் சத்தத்தைக் கேளுங்கள்.