கேளுங்க சொல்றோம்: ஹார்பர் டக் என்ன பண்ணுது?

கே: காசிமேடு பக்கம் போறப்ப பாத்தேன், ஹார்பருக்குள்ள பெரிய கப்பல ரெண்டு குட்டி போட் தள்ளிட்டு போகுது. அவ்ளோ பெரிய இன்ஜின் இருக்கிற கப்பல் தானா வந்து நிக்காதா? (வாசகர், ராயபுரம்)

ப: நிக்காதுங்க, அதுக்குத் தான் டக் (tug, இழுவைப் படகு)னு சொல்ற அந்த குட்டி போட். சுக்கான் வேலை செய்யணும்னா அதுமேல தண்ணி வேகமா அடிக்கணும், ஹார்பருக்குள்ள ஸ்லோ பண்ணிட்டா சுக்கான எவ்ளோ திருப்பினாலும் கப்பல் பேச்சு கேக்காது, இதுல பெரிய கப்பல் முக்காவாசிக்கு ரிவர்ஸ் கியரே கிடையாது, இன்ஜின நிறுத்திட்டு எதிர்ப்பக்கமா சுத்துற மாதிரி மறுபடி ஸ்டார்ட் பண்ணணும். அதுக்குள்ள சைடுல காத்து அடிச்சா கன்டெய்னர் அடுக்கின கப்பல் அப்படியே ஒதுங்கிப் போய் இடிச்சுடும். முன்னாடி த்ரஸ்டர் (கப்பல பக்கவாட்டுல தள்ளுற சின்ன ப்ரொபெல்லர்) இருக்கிற கப்பலுக்கும் காத்து பலமா இருந்தா அது பத்தாது.

நீங்க பாத்த குட்டி போட்டுக்குள்ள பெரும்பகுதி இன்ஜின் தான். 50, 60 டன் இழுவை சாதாரணமா இருக்கும். கரையில இருக்கிற இரும்புத் தூண்ல கயிறு கட்டி, ஃபுல் பவர்ல இழுக்க விட்டு, நடுவுல மீட்டர் வச்சு அளந்த கணக்கு அது. இப்ப வர்ற டக் பெரும்பாலும் ப்ரொபெல்லரே 360 டிகிரி சுத்துற மாதிரி தான் வருது, பக்கவாட்டுலயும் போகும். ஹார்பருக்குள்ள வழிகாட்ட கப்பல்ல ஏறின பைலட் ரேடியோல சொல்லச் சொல்ல தள்ளுவாங்க, இழுப்பாங்க.

கே: ஆபத்தான வேலையா? (வாசகி, தூத்துக்குடி)

ப: ரொம்பவே. கப்பல் ஓடிட்டு இருக்கும்போதே டக் அதோட மூக்குக்கு கீழ போகணும். மேல இருந்து மெல்லிசு கயிறு வீசுவாங்க, டெக்ல நிக்கிறவர் அத புடிச்சு மெயின் ரோப்போட சேத்து கட்டி விடுவார், மேல வின்ச் வச்சு இழுத்துப்பாங்க. ரோப் விறைச்சதுக்கு அப்புறம் டெக்ல யாருமே நிக்கக்கூடாது, அறுந்து திரும்பி அடிச்சா உயிர் தப்பாது.

அதவிட பயங்கரம், ரோப் டக்குக்கு குறுக்கா போயி கப்பல் இழுக்கிற இழுப்புல டக்கே கவுந்துடறது. 2007 டிசம்பர் 19, ஸ்காட்லாந்து கிளைட் நதி, நல்ல மூடுபனி, ஃப்ளையிங் ஃபான்டம்ங்கற டக் இப்படித்தான் கவுந்துச்சு, இருந்த 4 பேர்ல 3 பேர் போயிட்டாங்க. ரோப்ப அவசரத்துக்கு கழட்டி விடற வசதி இருந்துச்சு, அது சரியான நேரத்துல விடல. அந்த ரிலீஸ டெஸ்ட் பண்றத வெறும் கையெழுத்தோட முடிக்கிறவங்க மேல எனக்கு கோவம் தான் வருது.

கே: அமெரிக்காவுல பால்டிமோர்ல கப்பல் மோதி பாலம் விழுந்தப்ப டக் இல்லையா? (வாசகர், கடலூர்)

ப: ரெண்டு டக் இருந்துச்சுங்க. 2024 மார்ச் 26 ராத்திரி டாலிங்கற அந்த கப்பல கரையில கட்டியிருந்த இடத்துல இருந்து எடுத்து, கப்பல் போற பாதையில விட்டுட்டு வழக்கம்போல கிளம்பிடுச்சு. அப்புறம் தான் கப்பல்ல கரன்ட் போச்சு, பைலட் டக்க கூப்பிட்டும் வந்து சேர நேரமில்ல, பாலத்துல ரோடு வேலை பாத்துட்டு இருந்த 6 பேர் செத்தாங்க. கூடவே போயிருந்தா கண்டிப்பா தடுத்திருக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு சான்ஸ் இருந்திருக்கும். செலவு பாக்காம, பெரிய கப்பல் பாலத்த தாண்டுற வரைக்கும் டக் கூட போயே ஆகணும்ங்க.