சகுனியின் பகடை

அன்புள்ள அக்கா,

சென்ற மாதக் கட்டுரையில் கம்ப்யூட்டர் கேம் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பால்டர்ஸ் கேட் 3-ஐ மூன்று முறை முடித்துவிட்டேன். முதல் முறை வாள்வீரன், இரண்டாவது முறை மந்திரவாதி, மூன்றாவது முறை பாணன். முதல் ஆட்டத்தில் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதில் பாதியிலேயே அலுப்புத் தட்டிவிட்டது. 17,000 முடிவுகள் என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு மூன்று முறையும் கிட்டத்தட்ட ஒரே கதைதான் வந்தது. (பகடையில் தோற்றால் உடனே, முன்பு சேமித்து வைத்த ஆட்டத்தை, அதாவது பழைய 'சேவ்' ஒன்றை, லோடு செய்துவிடுவேன். அதனால் முக்கியமான எதையும் தவறவிட்டிருக்க மாட்டேன்.) இந்த மாதிரி மாயாஜாலக் கேம்களில் நம்மைக் கட்டிப்போடுவது எது, திரும்ப ஆட வைப்பது எது? கதையா, சண்டையா, உலகத்தின் பரப்பளவா? இவை இலக்கியம் ஆகுமா? வெறும் நேர விரயம் என்கிறார் அப்பா. நம் மகாபாரதத்தை வைத்து இப்படி ஒன்று ஏன் இன்னும் வரவில்லை?

ச.,
சென்னை

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான விஷயத்தை அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

முதலில் சில்லறைப் பாக்கிகள். இலக்கியம் ஆகுமா? ஆகலாம். ஆகாவிட்டால் ஆடுவதை நிறுத்திவிடுவீர்களா? அப்பா சொல்வது சரி, நேர விரயம்தான். நான் மாடிப்படியில் உட்கார்ந்து நாவல் படித்தபோது என் அப்பாவும் இதையேதான் சொன்னார். உலகத்தின் பரப்பளவு ஒரு பொருட்டே இல்லை. காலியிடத்தை வளைத்துப் போடுவது ரியல் எஸ்டேட்காரர்களின் வேலை. மகாபாரதத்துக்குக் கடைசியில் வருகிறேன், மறந்துவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று முறை ஆடியதாகச் சொல்கிறீர்கள். இல்லை தம்பி, நீங்கள் ஒரு முறைதான் ஆடியிருக்கிறீர்கள். ஒரே கதையை மூன்று வேஷம் கட்டி நடத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் தாக்க வரும்போது மூன்று முறையும் தோப்பு மக்களின் பக்கம்தான் நின்றிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். கோப்ளின்களோடு சேர்ந்து அந்தத் தோப்பை அழித்தால் வில், கார்லாக் என்ற இரண்டு கூட்டாளிகளும் நம்மோடு இருக்க மாட்டார்கள், அதுவரை வெறும் எதிரியாக இருந்த மின்தாரா தோழியாவாள். ஆட்டத்தின் நிறமே மாறிவிடும். (எனக்கும் இதுவரை மனம் வரவில்லை. அது வேறு விஷயம்.)

அந்த விளையாட்டின் உயிரே 20 முகப் பகடையில்தான் இருக்கிறது. ஒரு காவலனை ஏமாற்ற வேண்டுமா, பூட்டைத் திறக்க வேண்டுமா, கோபக்காரியைச் சமாதானப்படுத்த வேண்டுமா, எல்லாவற்றுக்கும் உருட்டு. வேண்டிய எண் விழாதபோதெல்லாம் நீங்கள் காலத்தைப் பின்னுக்கு நகர்த்தி, விழும்வரை உருட்டியிருக்கிறீர்கள். கேட்ட எண்ணைக் கேட்டபடி போடும் பகடை சகுனியிடம் இருந்தது. சகுனி சபைக்குப் போனது நாட்டைப் பிடுங்க, சூதாடிப் பொழுதுபோக்க இல்லை. அந்தப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் அலுக்கிறது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

நான் கண்டதைச் சொல்கிறேன். முதல் அங்கத்தில் அந்தத் தோப்புக் காட்சி நினைவிருக்கும். கொம்பு முளைத்த டீஃப்ளிங் அகதிகள் அங்கே தஞ்சம் புகுந்திருக்கிறார்கள். அவர்களில் அரபெல்லா என்ற சிறுமி தோப்புக்காரர்களின் சிலையைத் திருடப் பார்த்து மாட்டிக்கொள்கிறாள். காகா என்ற தலைவி (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவள் சிரிக்கிற ரகம் இல்லை) பாம்பை ஏவி அவளை மடக்கி நிறுத்தியிருக்கிறாள். நாம் பேசிப் பார்க்கலாம்.

முதல் ஆட்டத்தில் பேசினேன், பகடை கைகொடுத்தது, சிறுமி பிழைத்தாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். இரண்டாவது ஆட்டத்தில் ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் நாக்கில் சரஸ்வதியே குடியிருந்தாலும் தோல்விதான். சிறுமி ஓடப் பார்த்தாள். பாம்பு கொத்தியது. தடுமாறி விழுந்தாள், அவ்வளவுதான்.

அந்தக் குகையை விட்டு மேலே வந்தால் அவளுடைய அம்மாவும் அப்பாவும் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். உள்ளே போகும்போதே அவர்கள் பதறிக்கொண்டு நின்றதைப் பார்த்திருந்தேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்து லோடு செய்யலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். செய்யவில்லை. அவர்கள் பக்கம் போகாமல் ஓரமாகவே நடத்திக்கொண்டு போனேன். 40 வயதைத் தாண்டிய ஒருத்தி கம்ப்யூட்டர் பொம்மைகளின் கண்ணில் படாமல் நழுவுகிறாள்.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். காகாவை என்னால் சும்மா விட முடியவில்லை. அவளுடைய பெட்டியைக் குடைந்தேன். அதிலிருந்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சதுப்பு நிலம்வரை போய், அவள் யாரோடு ரகசியமாகக் கைகோத்திருக்கிறாள் என்பதைக் கண்டுபிடித்தேன். முதல் ஆட்டத்திலும் அந்தப் பெட்டி அதே இடத்தில்தான் இருந்திருக்கும். அன்றைக்குக் கோபம் இல்லை, அதனால் திறக்கவில்லை. நீங்கள் திறந்தீர்களா?

ஒரு விளையாட்டு நமக்கு எதைத் தருகிறது என்பதைவிட எதை மறுக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். மாரோவிண்டையும் (2002) ஸ்கைரிமையும் (2011) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனம், ஒரே கற்பனை உலகம். மாரோவிண்டில் நாம் சேரக்கூடிய பெரிய வம்சங்கள் மூன்று உண்டு. ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டும் கதவைச் சாத்திவிடும். மந்திரவாதிகள் சங்கத்தில் பதவி உயர்வு வேண்டுமென்றால் மந்திரம் தெரிந்திருக்க வேண்டும். கதைக்குத் தேவையான ஆளைக் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவுக்குத் திரும்பு அல்லது நீயே கெடுத்த இந்த உலகத்தில் இருந்துகொள் என்று ஓர் அறிவிப்பு வரும். அப்படியே இருந்துகொள்ளவும் விடும், அதுதான் அழகு. சுற்றுவழியில் போய்க் கதையை முடிக்கக்கூட ஒரு சந்து வைத்திருந்தார்கள்.

ஸ்கைரிமில் முக்கியமான ஆளை வெட்டினால் மண்டியிட்டு மூச்சு வாங்கிவிட்டு எழுந்து வருவார். கோடாலி தவிர வேறு தெரியாதவர் மந்திரக் கல்லூரியின் தலைவராகிவிடலாம். அவரே திருடர் சங்கத்துக்கும் தலைவர், கூலிக் கொலைகாரர்களுக்கும் தலைவர். நம்மூர் கல்வித் தந்தைகளுக்கு இதொன்றும் புதிதில்லை. எல்லாப் பதவியும் ஒரே ஆளுக்குக் கிடைத்துவிட்டால் இரண்டாவது ஆள் எதற்கு? ஸ்கைரிமைத்தான் ஊரே வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப ஆடுகிறதே என்பீர்கள். உண்மைதான், நானும் ஆடினேன். அந்தப் பனிமலையில் நடக்கப் போனேன், வாக்கிங் மாதிரி. அதில் யார் எனக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை.

2011-லேயே வந்த இன்னொன்று, விட்சர் 2. முதல் அங்கத்தின் முடிவில் ரோஷ், யோர்வெத் என்ற இருவரில் யார் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது அங்கம் அதற்கேற்ப வேறு ஊரில், வேறு மனிதர்களோடு நடக்கும். ஒரு முறை மட்டும் ஆடுகிறவர் அந்த இன்னொரு பாதியைப் பார்க்கவே மாட்டார். அதையும் யாரோ உட்கார்ந்து வரைந்து, வசனம் எழுதி, குரல் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கணக்குப்பிள்ளை இதற்குக் கையெழுத்துப் போட்டாரோ, அவர் கையில் ஒரு முத்தம்.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. என் தம்பியிடம் கற்றுக்கொண்டது.

2001, மதுரை. கூடத்தில் கம்ப்யூட்டர், அதற்கு அம்மா தைத்த பூப்போட்ட உறை. தம்பியின் நண்பன் ஒருவன் பால்டர்ஸ் கேட்டின் முதல் பாகத்தை இரவல் கொடுத்தான். 1998-இல் வந்தது, ஐந்து சிடி. அதில் ஒன்றில் நல்ல கீறல். பற்பசை தேய்த்துத் துடைத்துப் பார்த்தோம், பலிக்கவில்லை. கதை பெரிய நகரத்துக்குள் நுழையும் இடத்தில் அந்தச் சிடியைக் கேட்கும், கர்ர் என்று சுற்றும், அப்படியே நின்றுவிடும். ஆக, எந்த நகரத்தின் பெயர் விளையாட்டுக்கு வைக்கப்பட்டிருந்ததோ அந்த நகரத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. வாசல்வரை போய்விட்டு முதலிலிருந்து தொடங்குவோம். ஆறு முறையோ ஏழு முறையோ.

ஆளுக்கு அரை மணி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து. ஒரே ஆட்டம், இரண்டு பேர் ஓட்டுவது. தம்பி ஒரு சட்டம் போட்டான்: ஒரே சேவ், அதன்மேலேயேதான் எழுத வேண்டும். ஆளுக்கொரு சேவ் வைத்தால் ஆளுக்கொரு கதை ஆகிவிடும், அப்புறம் சண்டை போட என்ன இருக்கிறது என்பது அவன் வாதம். ஒன்பதாம் வகுப்புப் பையன்.

சத்திரத்தின் படிக்கட்டில் ஒரு மந்திரவாதி நம்மைக் கொல்லக் காத்துக்கொண்டிருப்பான். அவனிடமே நாலு முறை செத்திருப்போம். நாம் செத்தால் மட்டும் சேவுக்குத் திரும்பலாம் என்பது உபசட்டம்.

நாஷ்கல் என்றொரு சுரங்க ஊர். அங்கே இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவன் மின்ஸ்க், மொட்டைத் தலை, முகத்தில் பச்சை குத்தியவன், கையோடு ஒரு வெள்ளெலி. டைனஹேர் என்ற பெண்ணை நோல்கள் (கழுதைப்புலித் தலை ஜந்துக்கள்) பிடித்து வைத்திருக்கின்றன, வந்து மீட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சுவான். அதே ஊரின் பாலத்துப் பக்கம் எட்வின், சிவப்பு அங்கிக்காரன், திமிர் பிடித்தவன். அவனும் டைனஹேரைத்தான் தேடுகிறான், கொல்வதற்கு. ஒரே ஊர், ஒரே பெண், இரண்டு பேர். எனக்கு மின்ஸ்க். தம்பிக்கு எட்வின்.

ஒரு நாள் என் அரை மணியில் மின்ஸ்க்கைச் சேர்த்துக்கொண்டு நோல்களின் கோட்டைவரை போய், பள்ளத்தில் அடைபட்டுக் கிடந்த டைனஹேரை மீட்டுவிட்டேன். டியூஷன் போய்விட்டு வந்து பார்த்தால் இருவருமே குழுவில் இல்லை. அந்த இடத்தில் சிவப்பு அங்கி நிற்கிறது.

"டைனஹேர் எங்கடா?"

"செத்துட்டா."

"லோடு பண்ணு."

"ஒரே சேவ்க்கா. மேலயே எழுதிட்டேன்."

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அம்மா, காசு திருடினானா என்று கேட்டாள். என்னவென்று சொல்வது? மூன்றாம் நாள் என் முறை வந்தபோது வேறு வழியில்லாமல் எட்வினை அழைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினேன். வெறுப்போடுதான். அவன் செத்தால் தேவலை என்று முன்னால்கூட அனுப்பினேன். சாகவில்லை. இரண்டு வாரம் போனதும் அவன் இல்லாமல் ஒரு சண்டைக்கும் போக எனக்குத் தைரியமில்லை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த ஆறேழு ஆட்டங்களில் சந்து பொந்தோடு நினைவிருப்பது அந்த ஒன்றுதான். டைனஹேர் பிழைத்த ஆட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

சரி, உங்களிடம் வருகிறேன். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவர், மூன்று மணி நேர உழைப்பு ஒரு சண்டையில் போய்விட்டால் லோடு செய்யட்டும், அதில் தப்பே இல்லை. நான் சொல்வது பேச்சில் தோற்றதற்காக லோடு செய்கிறீர்களே, அதை. ஒருத்தி முறைத்துக்கொண்டு போய்விட்டாள் என்பதற்காகக் காலத்தையே திருப்புகிறீர்களே, அதை. அது என்ன பயம்? நாலாவது முறை ஆடுங்கள், அதே பாணனையே வைத்துக்கொண்டு. கோப்ளின் பக்கம் போக வேண்டாம், உங்களால் முடியாது. விழுந்த எண்ணை மட்டும் விழுந்தபடி விடுங்கள். 2023 நவம்பர் கடைசியில் வந்த அப்டேட்டில் ஹானர் மோட் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரே சேவ், பின்னால் போக முடியாது. ஏதோ புதுமை போல ஊரே பேசியது. எங்கள் வீட்டுக் கூடத்தில் 2001-லேயே அமலில் இருந்த சட்டம். ஹானர் மோடில் சண்டைகளும் கடினம், உங்களுக்கு இப்போது வேண்டாம்.

அந்த அப்டேட் செய்தியைப் படித்த அன்றைக்குத் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் கேம் ஆடி இருபது வருஷம் இருக்கும். மூன்றாம் பாகம் வந்திருக்கிறது, மின்ஸ்க்கூட வருகிறான், அகலிகை மாதிரி நெடுங்காலம் கல்லாய்க் கிடந்து எழுந்து வந்திருக்கிறான், வெள்ளெலியும் கூடவே இருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"எட்வின் இருக்கானா?"

"இல்லடா."

"அப்ப நீயே ஆடுக்கா" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான்.